இலக்கணம் சரி, ஆனாலும் புரியவில்லையாம்: ஆங்கிலத்தில் அழுத்தமும் ஏற்ற இறக்கமும்

வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. சொற்களும் சரி. ஆனாலும் எதிரில் இருப்பவர் 'சாரி?' என்கிறார். இல்லாவிட்டால் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு வேறு எதையோ செய்கிறார். மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இன்னும் கொஞ்சம் இலக்கணம் படித்தால் சரியாகிவிடும் என்று நம்பி வருகிறார்கள். ஆகாது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழில் 'நான்தான் போனேன்', 'நானே போனேன்', 'நானா போனேன்?' என்று ஒரு சின்ன ஒட்டைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் குரல் செய்கிறது. எந்தச் சொல்லை அழுத்துகிறோம், எங்கே ஏற்றுகிறோம், எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் அந்தத் 'தானும்' 'ஆவும்' இருக்கின்றன. நாம் சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டு இவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு புகார். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்று ஒரு சிறு கோடு போட்டிருக்கிறேன். ஆங்கில அகராதிகளில் உச்சரிப்பு காட்டும் இடத்திலும் பெரும்பாலும் இதே குறிதான். கோட்டுக்கு முன்னால் இருக்கும் அசையை அழுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அழுத்த வேண்டியது பின்னால் வருவதை. குரல் ஏறினால் ↗, இறங்கினால் ↘.

முதலில் ஒரு சோதனை

நேற்று என்ன செய்தீர்கள் என்று அரை நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டாலும் போதும். பிறகு அதைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு அதே வாக்கியங்களை 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். எல்லா 'ம்'மும் ஒரே நீளம், ஒரே உயரமாக, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

எனக்கு ராகமெல்லாம் வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 'ம்' என்ற ஒற்றை மெய்யை வைத்துக்கொண்டு ஆமாம், அப்புறம்?, என்னது?, சரி சரி தெரியும், அடேங்கப்பா என்று ஐந்து விதமாகப் பேசுகிறவர்கள் நாம். கருவி கையில் இருக்கிறது. ஆங்கிலம் பேசும்போது அதை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

'ஒரே ஒரு சொல்தான், அதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது'

சொல்லுக்குள் அழுத்தம் இடம் மாறியிருக்கிறது. தமிழில் எந்த அசையைச் சற்று ஓங்கிச் சொன்னாலும் சொல் மாறாது. அதனால் ஆங்கிலச் சொல்லையும் பெரும்பாலும் முதல் அசையில் ஊன்றிவிட்டு நேராக ஓடிவிடுகிறோம். ஆனால் அழுத்தம் விழுந்த அசையைப் பிடித்துத்தான் ஆங்கிலக் காது சொல்லைத் தேடுகிறது. அது தவறினால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் தேடல் தவறிவிடும்.

நம் ஊரில் அடிக்கடி தடுமாறுகிறவை இவை: ஹோˈடெல், டிˈவெலப், கˈமிட்டி, இˈவென்ட், டிˈடர்மின், இˈகானமி, கˈரியர் (தொழில் வாழ்க்கை). ஹோட்டலை நாம் முதல் அசையில் அழுத்தி, போதாததற்கு 'ட்'டையும் இரட்டிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்து எழுதினாலும் சொல்லுக்கு நடுவே ஒலி இரட்டிக்காது. 'சம்மர்', 'பட்டர்' எல்லாம் நம் பக்கத்து உச்சரிப்பு.

அழுத்துவது என்றால் கத்துவது இல்லை. அந்த அசை கொஞ்சம் நீளும், கொஞ்சம் உயரும், அதன் உயிரொலி முழுதாக வரும். அதைவிட முக்கியம், மற்ற அசைகள் சுருங்குவது. பள்ளியில் மாத்திரை படித்திருப்பீர்கள்: குறில் ஒன்று, நெடில் இரண்டு, குற்றியலுகரம் அரை. 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் தேய்ந்து விழுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரித் தேய்வு ஆங்கிலத்தில் சொல்லின் எந்த இடத்திலும் நடக்கும். பˈனானா என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே உயிரெழுத்து மூன்று முறை வரும். நடுவில் இருப்பது மட்டும் நெடில். முன்னும் பின்னும் இருப்பவை தேய்ந்த அரை மாத்திரைகள். மூன்றையும் சமமாகச் சொன்னால் அது நம் ஊர்ப் பழம்.

இன்னொரு குடும்பம்: ˈஃபோட்டக்ராஃப், ஃபˈடாக்ரஃபர், ஃபோட்டˈக்ராஃபிக். ஒரே வேர், மூன்று இடம். சில விகுதிகளுக்கு வழக்கம் உண்டு. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எஜுˈகேஷன், இன்ஃபர்ˈமேஷன். 'இட்டி' என்று முடிந்தாலும் அதற்கு முந்தையது: அˈபிலிட்டி, யூனிˈவர்சிட்டி. 'இக்' முடிவும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் ˈஅரபிக் போல விலகுபவை இருக்கின்றன. ˈரெகார்ட் என்றால் பதிவு, ரிˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபெர்மிட் உரிமச்சீட்டு, பெர்ˈமிட் அனுமதி கொடு. இதை எல்லாச் சொல்லுக்கும் நீட்டிவிடாதீர்கள். ரிˈபோர்ட் பெயரானாலும் வினையானாலும் அப்படியேதான்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். உங்கள் வேலையில் தினமும் வரும் இருபது சொற்களை மட்டும் எழுதி, ஆன்லைன் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டு, கோடு போட்டு வையுங்கள். உங்கள் பதவிப் பெயரில் தொடங்கலாம். எஞ்சிˈநியர் என்பதைக் கடைசி அசையில் அழுத்தும் பொறியாளர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

'மெதுவாகப் பேசுங்கள் என்கிறார்கள், நான் மெதுவாகத்தான் பேசுகிறேன்'

சொல்கிறவர் கேட்பது வேகக் குறைப்பு இல்லை. எது முக்கியம் என்று தெரியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். நாம் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் பெயர், வினை, பண்புச்சொல் போன்றவை மேலே தெரியும். த, எ, டு, ஆஃப், ஃபார், ஆர், வாஸ் போன்ற ஒட்டுச் சொற்கள் அடியில் போய்விடும். தமிழ் வேற்றுமை உருபோடு ஒப்பிட்டால் பிடிபடும். 'கடைக்கு' என்பதில் 'கு'வைத் தனியாக நிறுத்திச் சொல்கிறோமா? 'டு த ஷாப்' என்பதில் முதல் இரண்டும் அந்தக் 'கு' மாதிரிதான். எழுத்தில் இடைவெளி இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

ஐ ˈவென்ட் ட த ˈமார்கிட் ட ˈபை சம் ˈமில்க். நான்கே தட்டு, மற்றவை இடுக்கில்.

இதற்கு நான் வகுப்பில் கொடுக்கும் மருந்து கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்வது. தாளம் மாறாமல் கையைத் தட்டிக்கொண்டு முதலில் தட்டுக்கு ஒரு 'தா', பிறகு 'தக', பிறகு 'தகிட', பிறகு 'தகதிமி'. தட்டு நகராது, உள்ளே சொற்கட்டு மட்டும் கூடும். கச்சேரியே கேட்காதவருக்கும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அதே தட்டில் இதைச் சொல்லுங்கள்:

ˈகிட்ஸ் ˈட்ரிங்க் ˈமில்க்.
த ˈகிட்ஸ் ˈட்ரிங்க் த ˈமில்க்.
த ˈகிட்ஸ் வில் ˈட்ரிங்க் த ˈமில்க்.
த ˈகிட்ஸ் அவ் பின் ˈட்ரிங்கிங் த ˈமில்க்.

நான்கு வரிக்கும் மூன்றே தட்டு. கடைசி வரியில் 'ஹேவ் பீன்' என்று விரித்துச் சொன்னால் தட்டு தவறும். தவறும் இடம்தான் உங்கள் கோளாறு இருக்கும் இடம். நிஜப் பேச்சில் இந்தத் தட்டுகள் கடிகாரம் போலச் சம இடைவெளியில் விழுவதில்லை, அளந்து பார்த்தவர்கள் அதை எப்போதோ மறுத்துவிட்டார்கள். பயிற்சிக்கு மட்டும் இந்தப் பொய்யை நம்புங்கள், பலன் உண்டு.

இங்கே ஒரு துணைக் கோளாறு: 'கிட்ஸு', 'மில்க்கு', 'பஸ்ஸு' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் உகரம். தமிழ் நாக்கு மெய்யில் முடிக்கத் தயங்குவது இயல்புதான். ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஓர் அசையைக் கூட்டி, தட்டைக் கெடுத்துவிடுகிறது.

அழுத்த வேண்டியதை அழுத்துவது சுலபம். ஒரு வாரத்தில் வந்துவிடும். விட வேண்டியதை விடுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். எழுத்தை விழுங்குவது அரைகுறைப் படிப்பு என்று பள்ளியில் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள், அந்தக் கூச்சம் போக வேண்டும். போனால் இன்னொரு லாபமும் உண்டு: ஆங்கிலப் பேச்சில் பாதிச் சொல் காதில் விழவில்லை என்ற புகாரும் குறையும். நாம் சுருக்கிச் சொல்லப் பழகிய சொல்தான் சுருங்கி வரும்போது நமக்குப் பிடிபடும்.

'முடியும் என்றேன், முடியாது என்று எடுத்துக்கொண்டார்கள்'

இது எனக்கே நடந்தது. முதல் வேலை, போனில் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர். சாயங்காலத்துக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் அழுத்தம் திருத்தமாக, 'ஐ ˈகேன் செண்ட் இட்' என்றேன். அவர் 'ஓ, ஓகே' என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் மறுத்துவிட்டதாக அவர் மேலாளரிடம் சொன்னது மறுநாள்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். 'முடியும்' என்று சொல்லும்போது அந்தத் துணைவினை சுருங்கி 'கன்' என்று ஆகி, கனம் அடுத்த வினைக்குப் போகும்: ஐ கன் ˈசெண்ட் இட். 'முடியாது' என்னும்போது துணைவினை முழுதாக, அழுத்தமாக வரும்: ஐ ˈகேன்ட் ˈசெண்ட் இட். அமெரிக்கப் பேச்சில் அந்தக் கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே அவர் காது 'ட்'டைத் தேடவில்லை. சொல் அழுத்தமாக வந்ததா என்று மட்டும் பார்த்தது. நான் உறுதியாகச் சொல்கிறேன் என்று நினைத்து அழுத்தியதுதான் தப்பு.

திருத்தம் சுலபம். உடன்பாட்டில் சுருக்குங்கள். எதிர்மறையில் 'டோன்ட்', 'வோன்ட்', 'இஸன்ட்' எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லுங்கள். 'யெஸ், ஐ ˈகேன்' என்று அங்கேயே முடியும்போது மட்டும் உடன்பாட்டிலும் முழு ஒலி உண்டு. பணம், தேதி சம்பந்தப்பட்ட பேச்சென்றால் நான் இப்போதும் 'யெஸ்' போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

'பதிமூன்று என்றால் முப்பது என்று எழுதிக்கொள்கிறார்கள்'

தர்ˈடீன், ˈதர்ட்டி. பதினெட்டு எய்ˈடீன், எண்பது ˈஎய்ட்டி. தனியாகச் சொல்லும்போது பதின்மங்களில் பின்னசை, பத்துகளில் முன்னசை. வரிசையாக எண்ணும்போதும், பின்னால் உடனே ஒரு பெயர் வந்தாலும் பதின்மங்களின் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடுவது உண்டு. அப்போது காப்பாற்றுவது 'டீ'யின் நெடிலும் கடைசி 'ன்'னும்தான். விலை பேசும் இடத்தில் இரண்டையும் நம்பாமல் 'ஒன் த்ரீ' என்று இலக்கமாகவும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஆங்கிலேயர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

'கோபமா என்று கேட்கிறார்கள்'

ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1982-இல் எழுதிய ஒரு சம்பவத்தை வகுப்பில் எப்போதும் சொல்வேன். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையம், அங்கே ஊழியர்கள் சாப்பிடும் உணவகம். பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். இவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சிடுசிடுப்பு என்று புகார். பதிவு செய்து கேட்டுப் பார்த்தால், இறைச்சிக்கு மேல் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் 'கிரேவி↘' என்று இறக்கிச் சொல்லியிருந்தார்கள். பிரிட்டிஷ் பெண்கள் அதே ஒரு சொல்லைக் 'கிரேவி↗' என்று ஏற்றிச் சொல்வார்கள். இறக்கினால் 'இது குழம்பு, எடுத்துக்கொள்' என்று காதில் விழும். ஏற்றினால் 'குழம்பு வேணுமா?' மரியாதைக் குறைவாக யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னதே ஒரு சொல்தான்.

தமிழில் 'சாம்பார்' என்றால் ஒன்று, 'சாம்பாரா?' என்றால் வேறு. ஓர் ஆகாரம் வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும்போது அந்த ஆகாரத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் 'கம்மிங் ஆ?' என்று ஒட்டிவிடுகிறோம், அல்லது விட்டுவிடுகிறோம். விட்ட இடத்தில் குரல் ஏற வேண்டும். காபி↗ ஷுகர்↗ ரெடி↗ என்று ஒற்றைச் சொற்களாகவே பழகுங்கள்.

அடுத்தது கேள்விச் சொல். 'எங்கே போறீங்க?' என்பதில் நாம் 'எங்கே'யை ஓங்குவோம். அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ˈவேர் ஆர் யூ கோயிங், ˈவாட் இஸ் யுவர் நேம் என்றால், போலீஸ் ஸ்டேஷன் விசாரணை போலவோ, ஏற்கெனவே கேட்டும் பதில் வராத எரிச்சல் போலவோ இருக்கும். சாதாரணமாகக் கேட்கும்போது கனம் கடைசி முக்கியச் சொல்லில்: வாட்ஸ் யுவர் ˈநேம்↘, வேர் ஆர் யு ˈகோயிங்↘. கேள்விச் சொல்லில் தொடங்கும் கேள்விகள் பொதுவாக இறங்கித்தான் முடியும். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள்தான் பெரும்பாலும் ஏறும்.

'நீங்க சேலமா?', 'நீங்க சேலம்தானே?' என்ற வித்தியாசமும் அங்கே உண்டு. யு ஆர் ஃப்ரம் ˈசேலம், ˈஆரன்ட் யு↗ என்றால் முன்னது, ˈஆரன்ட் யு↘ என்றால் பின்னது.

'நான் முக்கியமாகச் சொன்னதை மட்டும் கவனிக்கவே இல்லை'

என் பார்வையில் தலையாய கோளாறு இதுதான். பாடப் புத்தகங்களில் மிகக் குறைவாக வருவதும் இதுதான். ஐ டிடின்ட் டேக் யுவர் பென் என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

ˈஐ டிடின்ட் டேக் யுவர் பென்: நான் எடுக்கலை, வேற யாரோ.
ஐ டிடின்ட் ˈடேக் யுவர் பென்: எடுத்துக்கலை, எழுதிட்டு வச்சிட்டேன்.
ஐ டிடின்ட் டேக் ˈயுவர் பென்: உங்களுடையதை எடுக்கலை, அவருடையதைத்தான் எடுத்தேன்.
ஐ டிடின்ட் டேக் யுவர் ˈபென்: பேனாவை எடுக்கலை, பென்சிலைத்தான்.

தமிழில் சொல்லின் இடத்தை மாற்றுவோம், 'தான்' சேர்ப்போம். ஆங்கிலத்தில் சொல் நகராது, கனம் மட்டும் நகரும். கனம் விழுந்த சொல்லுக்குப் பின்னால் வருபவை எல்லாம் தாழ்ந்து, தட்டையாகப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தியது தெரியாது.

நமக்கு அந்தத் 'தான்' இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 'மதுரையிலிருந்துதான் வர்றேன்' என்பதை, 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை ஒன்லி' என்கிறோம். கேலி செய்பவர்கள் செய்யட்டும், காரணம் நியாயமானது: 'தான்' வைக்க ஓர் இடம் தேடி, கிடைத்த சொல்லில் வைத்துவிட்டோம். 'ஒன்லி'யை எடுத்துவிட்டு, ஐம் கமிங் ஃப்ரம் ˈமதுரை↘ என்று ஊரை நீட்டிச் சொன்னால் போதும். வகுப்பில் ஒருவர் ஒரு மாதம் தினமும் தன் 'ஒன்லி'களை எண்ணிக்கொண்டு வந்தார். எங்கெல்லாம் அது வாயில் வந்ததோ அங்கெல்லாம் அழுத்தம் விடுபட்டிருந்தது. இதைவிட நல்ல பரிசோதனைக் கருவி எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கம், பழைய சேதியை அழுத்தாமல் இருப்பது. ஐ லைக் ˈகாபி, பட் மை ˈவைஃப் ˈஹேட்ஸ் காபி. இரண்டாவது காபிக்குக் கனம் கிடையாது, ஏனென்றால் அது ஏற்கெனவே மேசைக்கு வந்துவிட்டது. நாம் வாக்கியத்தின் கடைசிச் சொல் என்பதற்காகவே அதைத் திரும்ப ஊன்றுவோம். கேட்பவர் இது வேறு ஏதோ காபி போலிருக்கிறது என்று ஒரு நொடி தடுமாறுவார்.

'முடிக்கும் முன்பே குறுக்கே பேசுகிறார்கள்'

நீங்கள் நடுவிலேயே குரலை இறக்கிவிட்டீர்கள். இறங்கினால் முடிந்தது என்று பொருள். பட்டியல் சொல்லும்போது ரைஸ்↗, ஆயில்↗, அண்ட் ஷுகர்↘. போன் எண்ணையும் இரண்டு மூன்று கூறாகப் பிரித்து, கடைசிக் கூறு வரை இறக்காமல் சொல்லுங்கள். எதிர்மாறாக, பேசி முடித்தும் அவர் காத்திருக்கிறார் என்றால் கடைசியில் குரல் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

'எல்லாம் செய்கிறேன், மேடை நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்'

இரண்டாவது மாதத்தில் வரும் கோளாறு, வந்தால் நல்ல அறிகுறி. முக்கியச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றுகிறீர்கள். ஒரு மூச்சில் சொல்லும் கூறுக்குத் தலைமை அழுத்தம் ஒன்றுதான். மற்ற முக்கியச் சொற்களுக்கு நீளம் கொடுங்கள், உயரம் வேண்டாம். பழைய பதிவை எடுத்து, ஒவ்வொரு கூறிலும் தமிழில் சொல்லியிருந்தால் 'தான்' எங்கே வந்திருக்கும் என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் உயர்த்தி, திரும்பப் பதிவு செய்யுங்கள். எங்குமே வராது என்றால் கடைசி முக்கியச் சொல்லில் இறக்கிவிட்டு அடுத்த கூறுக்குப் போங்கள்.